எட்டைக் கண்டால் அணையும் பலகை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும், கரண்டில் ஓடுகிற எந்தப் பொருளுக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், ஜான்சியின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே போதும், அது எழுந்து உட்கார்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர்கூட அவளைப் பார்த்தால் முனகுவதை நிறுத்திக்கொள்ளும். இதில் முக்கால்வாசி மிகை. மீதிக் கால்வாசியிலும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது. அவள் வீட்டு மிக்ஸியே எட்டு மாதமாகப் பரணில் கிடக்கிறது. சட்னி பக்கத்து வீட்டில்தான் அரைபடுகிறது. ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்து ஆலயத்தில் நடந்த விஷயத்தில் மிகைக்கு வேலை இல்லை. அது தானாகவே போதுமான அளவுக்கு வினோதமாக இருந்தது.

ஜான்சிக்கு நாற்பத்தாறு வயது. ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருபத்தோரு வருடம் இன்ஸ்ட்ரக்டராக இருந்தாள். பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்து, கடைசி வருடம் வகுப்பில் ஆறே பேர் மிஞ்சினார்கள். ஜூன் மாதம் நிர்வாகம் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. பிரிவு உபசாரத்தில் சால்வை போர்த்த வந்தவர்களிடம், "சால்வை வேண்டாம், நல்ல மல்டிமீட்டரா வாங்கிக் குடுங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டு வாங்கி வந்தாள். அக்கா ரத்தினபாய் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. இருவரும் ஒரே வீட்டில், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி திருத்திக்கொண்டு, கல்யாணப் பேச்சை எடுத்தவர்களைக் கேள்வி கேட்டே விரட்டிவிட்டு, நிம்மதியாக இருந்தார்கள்.

வேலை போவதற்கு முந்தைய வருடம் ஜான்சி தன் சபைக்கு ஒரு எண் பலகை செய்து கொடுத்திருந்தாள். ஆராதனையில் அடுத்துப் பாடப்போகும் பாட்டின் எண்ணைக் காட்டுகிற பலகை. அதற்கு முன்னால் ஒரு மரப் பலகைதான் இருந்தது. எண் எழுதின அட்டைகளை அதில் செருக வேண்டும். ஒன்பதாம் எண் அட்டைகளில் ஒன்று எப்போதோ தொலைந்துபோனது. ஆறைத் தலைகீழாக வைத்து ஒன்பதாக்கி ஓட்டினார்கள். ஒரு ஞாயிறு யாரோ அதைத் தலைகீழாக வைக்க மறந்துவிட, வலது பக்கம் பலகையில் இருந்த பாட்டும், ஆறை ஒன்பதாகவே படித்துப் பழகின இடது பக்கம் வேறொரு பாட்டும் மூன்று சரணம் வரை ஓடியதாம். இரண்டும் ஒரே ராகம் என்பதால் போதகர் உட்பட ஒருவருக்கும் தெரியவில்லையாம். நாலாவது சரணம் ஒன்றில்தான் இருந்ததாம், மற்றதில் இல்லையாம்.

ஜான்சியின் பலகையில் அந்தத் தொல்லை கிடையாது. கையகல உயரத்தில் மூன்று சிவப்பு எண்கள். ஒவ்வொன்றும் ஏழு விளக்குக் கோடுகளால் ஆனது, தீக்குச்சி அடுக்கி எண் செய்வோமே, அதைப்போல. பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதுதான் மூளை. பாடகர் குழுத் தலைவர் போனில் எண்ணைத் தட்டினால் சுவரில் எரியும். பதினாலு மாதம் ஒரு குறையும் இல்லை. நவம்பர் மழையில் ஒரு நாள் பெரிய இடி ஒன்று இடித்தது. ஆலயத்தில் இரண்டு ஃபேனும் பலகையின் மூளையும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

ஜான்சி மேற்குத் தாம்பரத்தில் ஜமீரின் கடைக்குப் போனாள். பீடா கடை அகலத்தில் ஒரு கடை. உள்ளே உலகத்திலுள்ள எல்லாச் சில்லறைப் பாகமும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் இருக்கும். ஜமீர் எந்த டப்பாவில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். கண்ணைத் திறந்தால்தான் தடுமாறுவான்.

"அதே போர்டு இருக்கா ஜமீர்?"

"அதே போர்டுதான் அக்கா. புது ரிவிஷன். முன்னாடி நீலம், இப்ப கறுப்பு. அவ்ளோதான் வித்தியாசம்."

"பின் எல்லாம்?"

"அதே பதினஞ்சு கால் இந்தப் பக்கம், பதினஞ்சு அந்தப் பக்கம். கண்ணை மூடிக்கினு மாட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாள். அங்கேதான் வந்தது வினை. பழைய சாக்கெட்டில் புதிய போர்டு வெண்ணெய்போல் இறங்கியது. மேஜையில் வைத்து 123 என்று தட்டினாள். இருபத்தோரு வருடமாக எதைச் சோதித்தாலும் அவள் தட்டுவது 123தான். எரிந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டிவிட்டு வந்தாள்.

முதல் ஞாயிறு. முதல் பாட்டு 117. எரிந்தது. அடுத்தது 241. எரிந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரத்தினபாய், "என்னடி, மங்கலா இருக்கு?" என்று தங்கையின் காதில் கிசுகிசுத்தாள்.

"உன் கண்ணு மங்கலா இருக்கும்."

"ஜூன்லதான் ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆச்சு. இப்ப எதிர்வீட்டு மாடியில காயற துணியில எத்தனை கிளிப் இருக்குன்னு சொல்லுவேன்."

"பாட்டைப் பாடு அக்கா."

காணிக்கை எடுக்கும் நேரம் வந்தது. பாட்டு 288. பலகையில் அந்த எண் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. உடனே அணைந்து மூன்று சின்னக் கோடுகள் மட்டும் எரிந்தன. மூளை மயங்கி விழுந்து மறுபடி கண் விழிக்கும்போது காட்டுகிற கோடுகள் அவை. மறுபடி 288, மறுபடி மயக்கம். காணிக்கைப் பை ஆலயத்தைச் சுற்றி முடிக்கும் வரைக்கும் பலகை கண்ணைத் திறந்து திறந்து மூடியது. சபைச் செயலாளர் தேவானந்தம் எழுந்து நின்று எண்ணை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு வந்த 325 ஒன்றுமே நடக்காததுபோல் எரிந்தது.

வாசலில் தேவானந்தம் பிடித்துக்கொண்டார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பலகை மாட்டியதே தன் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவர்.

"என்ன ஜான்சி, உன் பலகை காணிக்கை எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்குது?"

"கடைசி பெஞ்சுல நிறைய பேர் அப்படித்தானே அண்ணா. அதைப் பார்த்துப் பழகியிருக்கும்" என்றாள் ரத்தினபாய்.

ஜான்சிக்குச் சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது. மேடவாக்கத்தில் நானூறு வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் தண்ணீர் லாரிகளின் நம்பரையும் நேரத்தையும் எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரப்பாக்கத்துச் சபையிலிருந்து இரண்டு பேர் இந்தப் பலகையைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் தங்களுக்கும் ஒன்று செய்யச் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் ஜான்சி வீட்டு முன்னறையில் மேஜை போட்டுச் சொந்தமாக வேலை தொடங்குவாள். சொல்லாவிட்டால் தண்ணீர் லாரி. மனசுக்குள் அப்படித்தான் அவள் கோடு கிழித்து வைத்திருந்தாள். கண்ணாடிக் கூண்டில் உட்கார்வது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. சோல்டரிங் அயர்னை ஒரு தடவை பரணில் ஏற்றிவிட்டால் அது திரும்ப இறங்காது என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்கப் பலகையை வீட்டு மேஜையில் வைத்துப் பார்த்தாள். ஒயரை மாற்றினாள். பலகைக்குக் கரண்ட் கொடுக்கும் போன் சார்ஜரை மாற்றினாள். புரோகிராமை வரி வரியாகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு 123 தட்டினாள். ஒவ்வொரு தடவையும் எரிந்தது. மூன்று நாள் தொடர்ந்து எரிய விட்டாள், அணையவே இல்லை. "ஆலயத்துல கரண்ட் சரியில்லை போல" என்று முடிவு கட்டி, அங்கே பிளக் பாயிண்ட்டையும் மாற்றச் சொல்லிவிட்டு, மறுபடி கொண்டுபோய் மாட்டினாள்.

இரண்டாவது ஞாயிறு திருவிருந்து ஆராதனை, ஐந்து பாட்டு. 311 எரிந்தது. 205 குளிர் ஜுரம் கண்டதுபோல் நடுங்கியபடி எரிந்தது. 269 விழுந்தது. 380 விழுந்தது. 174 தேவதூதன்போல் நின்றது.

அதற்குள் சபையில் ஆளுக்கொரு கொள்கை. பெரிய எண்ணைத் தூக்க அதற்குச் சக்தி இல்லை என்றார் தேவானந்தம். 311 பெரிய எண் இல்லையா என்று கேட்டதற்கு, அப்போது அதற்குக் களைப்பு இல்லை என்றார். இரட்டை எண்தான் ஆகவில்லை என்றார் ஆர்கன் வாசிப்பவர். அப்படியானால் 174 என்ன, 269 என்ன என்று கேட்டதும் ஆர்கனைத் துடைக்கப் போய்விட்டார். பாடகர் குழுவில் ஒரு பெண், பலகைக்குப் பிடிக்காத பாட்டுகளைச் சபையும் பாடாமல் விட்டால் என்ன என்று கேட்டாள். போதகர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார் என்றுகூடக் கேள்வி.

தேவானந்தம் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார். "ஜான்சி, கோவிச்சுக்காதே. அடுத்த வாரம் ஊரப்பாக்கத்துக்காரங்க முன்னாடி நம்ம மானம் போகக் கூடாது. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்போம். சரியாகலைன்னா பழைய மரப் பலகையை எடுத்துத் துடைச்சு மாட்டிடறேன்."

"மரப் பலகையைப் பார்க்கவா அண்ணா அவங்க ஊரப்பாக்கத்துலேருந்து வராங்க?"

"அணைஞ்ச பலகையைப் பார்க்கறதுக்கு அது மேல்."

வியாழக்கிழமை மத்தியானம். முன்னறை மேஜையில் பலகை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஜான்சி எதிரே உட்கார்ந்து அதை முறைத்தாள். ரத்தினபாய் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் வேதாகமத்தின் உள்ளட்டையைப் பிரித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் தேதி, பிரசங்க வசனம், பாடின பாட்டுகளின் எண் என்று பென்சிலால் குறித்து வைப்பது அவள் பழக்கம். தலைமையாசிரியைப் பழக்கம், எதையாவது பதிவு செய்யாமல் அவளால் உட்கார முடியாது. பலகை அணைந்த எண்களுக்குப் பக்கத்தில் சின்னதாகப் பெருக்கல் குறியும் போட்டிருந்தாள்.

"உனக்கு வேணுமா? ரெண்டு வாரமும் இருக்கு."

ஜான்சி பிடுங்காத குறையாக வாங்கினாள். விழுந்தவை 288, 269, 380. நின்றவை 117, 241, 325, 311, 174. நடுங்கியது 205.

"எட்டுதான் காரணம்னு பார்த்தா 269ல எட்டு இல்லையே" என்றாள் ஜான்சி.

ரத்தினபாய் கண்ணாடியைப் போடாமலே எட்டிப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்புக்கு எண் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் அவள். "விழுந்ததெல்லாம் தொப்பை வெச்ச எண்ணா இருக்கு. எட்டு, ஆறு, ஒன்பது, பூஜ்யம். ஒண்ணு, ஏழு, நாலு எல்லாம் ஒல்லி. ஒல்லியா இருக்கறது நிக்குது."

ஜான்சி காப்பியைக் கீழே வைத்தாள். சமையலறைக்குப் போய்த் தீப்பெட்டியோடு வந்தாள்.

"என்னடி கொளுத்தப் போறே? பலகையையா?"

"இரு அக்கா."

குச்சிகளை மேஜையில் அடுக்கினாள். ஒன்றுக்கு இரண்டு குச்சி. ஏழுக்கு மூன்று. நாலுக்கு நாலு. இரண்டு, மூன்று, ஐந்துக்கு ஐந்தைந்து. ஆறு, ஒன்பது, பூஜ்யத்துக்கு ஆறாறு. எட்டுக்கு ஏழும் வேண்டும். 117க்கு ஏழே குச்சி. 325க்குப் பதினைந்து. நடுங்கின 205க்குப் பதினாறு. 269க்குப் பதினேழு. 380க்குப் பதினெட்டு. 288க்குப் பத்தொன்பது. பதினைந்து வரை நிற்கிறது, பதினாறில் நடுங்குகிறது, பதினேழில் விழுகிறது. அவள் இத்தனை நாள் தட்டித் தட்டிப் பார்த்த 123க்குப் பன்னிரண்டு குச்சிதான். வருடக்கணக்காக எரிய விட்டாலும் அது விழுந்திருக்காது.

"அக்கா, இது எண்ணோட கோளாறு இல்லை. பசி. நிறைய கோடு எரிஞ்சா நிறைய கரண்ட் வேணும். அவ்வளவு குடுக்க முடியாம எங்கேயோ மூச்சு வாங்குது."

மல்டிமீட்டரை எடுத்தாள். எண்களுக்குப் போகிற கரண்ட் அந்தச் சின்னப் போர்டின் மூலைப் பின்னிலிருந்துதான் கிளம்புகிறது. சார்ஜரின் ஐந்து வோல்ட் போர்டுக்குள் நுழைந்து, நேரே அந்த மூலைப் பின்னில் வெளியே வரும். அவள் வரைந்த படத்தில் அப்படித்தான். மீட்டரின் ஒயர் முனையை அங்கே வைத்து 111 தட்டினாள். ஐந்து காட்ட வேண்டிய மீட்டர் மூன்று புள்ளி மூன்று காட்டியது. 888 தட்டினாள். மீட்டர் கிடுகிடுவென இறங்கியது, பலகை மயங்கியது, மூன்று கோடுகள் எரிந்தன.

"மங்கலா இருக்குன்னு நீ சொன்னப்பவே மீட்டரை வெச்சிருக்கணும்" என்றாள் மெதுவாக.

"என் கண்ணுக்கு ரசீது வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரி சீல் போட்டது."

புதிய போர்டைச் சாக்கெட்டிலிருந்து கழற்றித் திருப்பினாள். பழைய, இடியில் செத்துப்போன நீலப் போர்டு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அதையும் எடுத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். பின்களின் பெயர்கள் அடிப்பக்கத்தில் எறும்பு அளவில் அச்சாகியிருந்தன. சாக்கெட்டில் மாட்டிவிட்டால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். நீலத்தில் மூலையில் ஐந்து வோல்ட், அடுத்தது கிரவுண்ட், மூன்றாவது மூன்று புள்ளி மூன்று. கறுப்பில் மூலையில் மூன்று புள்ளி மூன்று, அடுத்தது கிரவுண்ட், மூன்றாவது ஐந்து. இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

மூன்று புள்ளி மூன்று என்பது அந்த மூளை தனக்கென்று காய்ச்சி வைத்துக் குடிக்கிற கஞ்சி. போர்டின் மேலிருக்கும் ஒரு சின்ன ரெகுலேட்டர் அதைக் காய்ச்சிக் கொடுக்கிறது. அந்தக் கலயத்தில் கொண்டுபோய் இருபத்தோரு விளக்குக் கோடுகளையும் பந்திக்கு உட்கார வைத்தால்? ஒல்லியான எண்கள் நாலு வாய் குடித்துவிட்டு எழுந்துவிடும். தொப்பை வைத்தவை கலயத்தைக் கவிழ்த்துவிடும். மூளை பசியில் மயங்கும். நல்ல வேளையாக, கறுப்பில் ஐந்து வோல்ட் வருகிற அந்த மூன்றாவது பின்னில் ஜான்சி எதையும் மாட்டி வைத்திருக்கவில்லை. மாட்டியிருந்தால் மயக்கத்தோடு போயிருக்காது, புகையே வந்திருக்கும்.

அவளுக்குக் காது சுட்டது. "மாட்டறதுக்கு முன்னாடி அடியில என்ன எழுதியிருக்குன்னு படி" என்று எத்தனை பிள்ளைகளின் முதுகில் தட்டியிருப்பாள்! ஜமீருக்குப் போன் போட்டாள்.

"ஜமீர், நீ குடுத்த போர்டுல மூலைப் பின் என்ன?"

"அஞ்சு வோல்ட் அக்கா. அது எப்பவும் அஞ்சுதானே."

"ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாரு."

டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு டப்பா, இன்னொன்று.

"ஜமீர்?"

"அக்கா... இதுல நாப்பது பீஸ் வித்துட்டேன் அக்கா. மீன் தொட்டிக்கு வாங்கினவரு நேத்துதான் வந்து கத்தினாரு. உன் ஒயரிங் சரியில்ல போய்யான்னு அனுப்பிச்சுட்டேன். பேஜாராப் போச்சு."

"அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளு."

"கேக்கறேன். அக்கா, உங்களுக்குப் பழைய நீலம் ரெண்டு பீஸ் மேல் ரேக்குல கீது. இப்பவே வண்டி எடுத்துக்கினு வரேன். மாட்டுங்க, அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது."

வேலை முடிந்துதான் போயிருக்கும். ஜான்சி போனைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நீலத்தை மாட்டினால் ஞாயிறு தப்பிக்கும். ஆனால் அந்த நீலமும் ஒரு நாள் போகும். ஊரப்பாக்கத்துக்கு ஒன்று செய்தால் அதற்குக் கறுப்புதான் கிடைக்கும். அதற்கடுத்து சிவப்பு வரும். அதில் எந்தப் பின் எங்கே குடியேறுமோ!

"நீலம் வேண்டாம் ஜமீர். கறுப்பையே வெச்சுக்கறேன். தடிமனான சிவப்பு ஒயர் ரெண்டு மீட்டர் குடுத்தனுப்பு."

அன்று சாயங்காலத்துக்குள் மூலைப் பின்னுக்குப் போன ஒயரை வெட்டி எறிந்தாள். சார்ஜரிலிருந்தே ஒரு தனி வழி போட்டு, எண்களுக்கு வேண்டிய ஐந்து வோல்ட்டை நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். போர்டுக்கு அதன் சொந்த ஒயர் இருக்கிறது. கரண்ட் திரும்பிப் போகிற கிரவுண்ட் மட்டும் இரண்டுக்கும் பொது. இனி மூளை எண்ணைச் சொல்லும், சுமை தூக்காது. அடுத்த ரிவிஷனில் அந்த மூலைக்கு எது வந்து உட்கார்ந்தாலும் எண்களுக்குக் கவலை இல்லை. வேலை முடிந்ததும் வழக்கமான 123ஐ விட்டு 888 தட்டினாள். முன்னறைச் சுவரே சிவந்தது. ரத்தினபாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இப்ப கொஞ்சம் அதிகம்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்தில் தேவானந்தம் மரப் பலகையைத் துடைத்து, ஆணியும் சுத்தியலுமாக நின்றுகொண்டிருந்தார். ஜான்சி ஏணியிலிருந்து இறங்கி, போனை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே தட்டிப் பாருங்க அண்ணா."

அவர் சந்தேகத்தோடு 288 தட்டினார். எரிந்தது. 380. எரிந்தது. 688, 808, 986 என்று குறுக்கு விசாரணை செய்தார். எல்லாம் எரிந்தன. கடைசியில் 999 தட்டினார்.

"அப்படி ஒரு பாட்டே இல்லையே அண்ணா."

"அது பலகைக்குத் தெரியாதே" என்று சொல்லி, கால் மணி நேரம் அதை எரிய விட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, சுத்தியலைச் சட்டைப்பையில் போட முயன்றார். சட்டைப்பை சம்மதிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. ஊரப்பாக்கத்திலிருந்து வந்த இருவரில் ஒருவர் ஜாய்சன், அவர்கள் சபையின் செயலாளர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். இன்னொருவர் டெபோரா, அங்கே பாடகர் குழுவை நடத்துகிற பெண். கையில் நோட்டு வைத்துக்கொண்டு அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். காணிக்கைப் பாட்டாக வேண்டுமென்றே 288ஐப் போட்டிருந்தார்கள். ஜான்சிக்கு அந்தப் பாட்டின் ஒரு வரியும் வாயில் வரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு பையில் போட வேண்டியதைக் கையிலேயே வைத்திருந்தாள். பை அவளைத் தாண்டிப் போய்விட்டது. எண் அசையாமல் நின்றது.

ஆராதனை முடிந்து வராந்தாவில் டீயும் வடையும். ஜாய்சன் பலகையின் முதுகுப் பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"நல்லா இருக்கு. இது எப்பவாவது மக்கர் பண்ணியிருக்கா?"

தேவானந்தம் முந்திக்கொண்டார். "மக்கரா? பதினாலு மாசம் சார். ஒரு ஞாயிறுகூட..."

ஜான்சியின் கையில் டீ டம்ளர் சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளை காலை பத்து மணிக்கு மேடவாக்கத்துக்கு என்ன சொல்வது என்று தெரிந்துவிடும். முப்பது வருடம் சிக்னல் பார்த்த மனிதர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ஞாயிறு பண்ணிச்சு சார்" என்றாள். "இதுக்கு முந்தின ரெண்டும்."

தேவானந்தம் வடையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"என்ன ஆச்சு?"

அவள் ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் இரண்டு போர்டையும் வரைந்தாள். மூலைப் பின் எப்படி இடம் மாறியது, தொப்பை வைத்த எண்கள் ஏன் விழுந்தன, தான் அடிப்பக்கத்தைப் படிக்காமல் மாட்டியது எல்லாவற்றையும் சொன்னாள். ஜாய்சன் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான்.

"அடுத்த ரிவிஷன்ல மறுபடி மாத்திட்டான்னா?"

"மாத்தட்டும் சார். அந்த மூலையில இப்ப நான் எதுவும் மாட்டல. அப்பவும் அடியில படிச்சுட்டுத்தான் போர்டை மாட்டுவேன். 888 போட்டுப் பார்த்துட்டுத்தான் குடுப்பேன்."

ஜாய்சன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எங்ககிட்ட ஒரு சிக்னல், வெயில் அடிச்சா சரியா இருக்கும், மேகம் வந்தா சிவப்பாயிடும். ஒரு வருஷம் ஆச்சு கண்டுபிடிக்க. நீங்க ரெண்டு வாரத்துல பிடிச்சிருக்கீங்க. கெட்டே போகாதுன்னு சொல்றவங்களை எனக்குக் கொஞ்சம் பயம்." தேவானந்தம் மெல்லுவதை நிறுத்தினார். "எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கம்மா. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எரியணும்."

"செய்யறேன் சார்." குரல் எங்கிருந்து வந்தது என்று ஜான்சிக்கே தெரியவில்லை. மேடவாக்கத்துக்கு நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. வருத்தத்தோடு சொல்ல வேண்டும், சிரித்துக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. "எந்தச் சுவர்ல மாட்டணும்? எவ்வளவு தூரத்திலேருந்து தெரியணும்?"

"பீடத்துக்கு வலது பக்கச் சுவர்" என்றார் ஜாய்சன் பெருமையாக. "எங்க ஆலயம் கட்டினதே அப்படி. எந்த பெஞ்சுல உட்கார்ந்தாலும் அந்தச் சுவர் பளிச்சுன்னு தெரியும். ஒரு பலகை தாராளமாப் போதும்."

அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த டெபோரா தலையை நிமிர்த்தினாள்.

"எங்கே அண்ணா தெரியும்? நீங்க முன் பெஞ்சுல உட்கார்றீங்க. பொம்பளைங்க பக்கம் நாலாவது பெஞ்சுலேருந்து தூண் மட்டும்தான் தெரியும். ரெண்டு பலகைன்னு சொல்லுங்க."